ஒளியில் நட்ட கல்

இலண்டன் மாநகரில் தேம்சு ஆற்றின் தென்புறத்தே இலாம்பெத் சாலை செல்கிறது. அச்சாலையோரம், பச்சைக் குவிமாடம் தாங்கிய பழைய கட்டடம் ஒன்றின் முன்றிலில், 15 அங்குல வாயகலம் கொண்ட இரண்டு கப்பற் பீரங்கிகள் வான்நோக்கி நிற்கின்றன. இம்பீரியல் வார் மியூசியம் என்று உலகம் அறிந்த பேரரசுப் போர் அருங்காட்சியகம் அது. முதலாம் உலகப்போர் ஓயாத 1917ஆம் ஆண்டிலேயே நிறுவப்பெற்று, 1936இல் இக்கட்டடத்தில் குடிபுகுந்தது. அங்கு வரும் சிறுவர்கள் முதலில் பீரங்கிகளின் அருகே நின்று ஒளிப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் கண்ணில் படாத பெருஞ்செல்வம் ஒன்று அந்நிறுவனத்தின் காப்பகத்தில் இருக்கிறது. 20,000 மணி நேரத்துக்கு மேல் ஓடக்கூடிய படச்சுருள்களே அச்செல்வம்.

அச்சுருள்களில் நடமாடும் முதலாம் உலகப்போர்ப் படைஞருள் இன்று ஒருவரும் உயிரோடில்லை. மேற்குமுனையின் பதுங்குகுழிகளில் நின்று போரிட்ட பிரித்தானியருள் எஞ்சியிருந்த கடைசி மனிதரான ஹாரி பேட்ச், 2009 ஜூலை 25ஆம் நாள் தம் 111ஆம் அகவையில் மறைந்தார். கண்டவர் வாய்மொழியாகச் சொல்லும் நினைவு 80 முதல் 100 ஆண்டுகள் வரையே உயிர்வாழும் என்பது செருமானிய அறிஞர் யான் அஸ்மான் வகுத்த கணக்கு. அவ்வெல்லையைத் தாண்டியபின் நினைவைத் தாங்க ஒரு பொருள் வேண்டும். அது கல்லாகலாம், நூலாகலாம், படச்சுருளும் ஆகலாம்.

தமிழர் இதை நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தனர். போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் ஆறு படிகளாகப் பகுக்கிறது. அவற்றுள் முதற்படியின் பெயர் காட்சி. தகுந்த கல்லைத் தேடிக் காண்பதே அது. திரைப்படத்தின் ஒவ்வொரு துண்டையும் இன்று நாம் அதே சொல்லால் அழைக்கிறோம். பெயர்ப் பொருத்தம் தற்செயலாகவே இருக்கட்டும். இரண்டின் பணியும் ஒன்றே. இறந்தவரைக் காணாத தலைமுறைக்கு அவரைக் காட்டுவது அப்பணி. போர்ப்படம் அப்பணியை எவ்வாறு செய்கிறது, இளையோர் மூளையில் அது எங்ஙனம் பதிகிறது, எவ்விடத்தில் தவறுகிறது என்பவற்றை அறிவியலின் துணைகொண்டு ஆராய்வோம்.

இலண்டன் கண்ட முதற்பெரும் போர்ப்படம்

1916 ஜூலை முதல் நாள், பிரான்சு நாட்டின் சோம் ஆற்றங்கரையில் பிரித்தானியப் படை பெருந்தாக்குதல் தொடங்கியது. அவ்வொரு நாளில் மட்டும் 19,240 பேர் மாண்டனர். காயமுற்றோரையும் காணாமற்போனோரையும் சேர்த்தால் இழப்பு 57,470. ஜெஃப்ரி மாலின்ஸ், ஜான் மெக்டவல் என்னும் இரு ஒளிப்பதிவாளர்கள் கையால் சுழற்றும் படக்கருவிகளுடன் அக்களத்தில் இருந்தனர். அவர்கள் எடுத்த காட்சிகளைத் தொகுத்து ஆக்கிய 'சோம் சமர்' என்னும் ஊமைப்படம் ஆகஸ்டு 10ஆம் நாள் இலண்டன் ஸ்காலா அரங்கில் முதன்முறை காட்டப்பட்டது. ஆகஸ்டு 21இல் இலண்டனில் மட்டும் 34 அரங்குகளில் ஓடியது. முதல் ஆறு வாரங்களில் ஏறத்தாழ 2 கோடி நுழைவுச்சீட்டுகள் விற்றன என்று மதிப்பிடுவர். அன்றைய பிரித்தானிய மக்கள்தொகையில் அது பாதிக்குச் சற்றுக் குறைவு. போர் இன்னும் நடந்துகொண்டிருந்தது. தம் மகனோ கணவனோ திரையில் ஒரு நொடி தோன்றுவானா என்று பார்க்கச் சென்றோர் பலர்.

அப்படத்தில் ஒரு காட்சி உண்டு. குறுகிய பதுங்குகுழி வழியே ஒரு படைஞன் நடந்து வருகிறான். அவன் தோளில் குறுக்காகக் காயமுற்ற தோழன் ஒருவன் கிடக்கிறான். சுமப்பவனின் கால்கள் தரையை எண்ணி எண்ணி மிதிக்கின்றன. படக்கருவியை அணுகும்போது அவன் தலையை உயர்த்தி நம்மைப் பார்க்கிறான். வீரமோ அழுகையோ அம்முகத்தில் இல்லை. களைப்பும், இன்னும் எவ்வளவு தொலைவோ என்ற வினாவும் இருக்கின்றன. சுமக்கப்பட்டவன் சிறிது நேரத்தில் இறந்தான் என்று திரையெழுத்து சொல்கிறது. நூறாண்டு கடந்தும் அப்பார்வை பார்ப்பவரை விடுவதில்லை. யுனெஸ்கோ நிறுவனம் 2005இல் இப்படத்தை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

சுருளைக் காக்கும் வேதியியல்

இப்படம் நமக்குக் கிடைத்திருப்பதே வேதியியலோடு நடத்திய ஒரு போராட்டத்தின் பயன். அக்காலப் படச்சுருள் செல்லுலோசு நைட்ரேட்டால் ஆனது. பருத்தியிலிருந்து பெறும் செல்லுலோசை நைட்ரிக் காடியில் வினைப்படுத்தி அதை ஆக்கினர். தெளிவான, வளையக்கூடிய, அழகிய பொருள் அது. ஆயின் வெடிமருந்துக்கு உடன்பிறப்பு. தன் மூலக்கூற்றிலேயே உயிர்வளியைத் தாங்கியிருப்பதால், தீப்பற்றிவிட்டால் நீருக்குள் அமிழ்த்தினும் அணையாது எரியும். தீப்பற்றாவிடினும் அது மெல்லத் தன்னைத்தானே தின்னும். சுருளிலிருந்து நைட்ரசன் ஆக்சைடு வளிகள் கசியும். காற்றின் ஈரத்தோடு கூடிக் காடியாகும். அக்காடி மேலும் சிதைவை விரைவுபடுத்தும். முதலில் உருவங்கள் மங்கும். பின்பு சுருள் பிசுபிசுக்கும். இறுதியில் பழுப்புப் பொடி மட்டுமே மிஞ்சும்.

சோம் சமரின் எதிர்ப்படி 1920இல் அருங்காட்சியகத்தை வந்தடைந்தது. அது நெடுநாள் தாங்காது என்று முன்னுணர்ந்த காப்பாளர்கள் 1931இல் அதற்கொரு காப்புப்படி எடுத்தனர். அவர்தம் முன்னறிவால்தான் நாம் இன்று அதைப் பார்க்கிறோம். பிரித்தானியத் திரைப்படக் கழகம் இன்று வாரிக்சயர் மாவட்டத்தின் கெய்டன் என்னுமிடத்தில் தன் நைட்ரேட்டுச் சுருள்களைச் சுழியத்துக்கும் 5 பாகை கீழான குளிரிலும் 35 விழுக்காட்டு ஈரப்பதத்திலும் வைத்துக் காக்கிறது. வேதிவினை குளிரில் தளரும். வறட்சியில் காடி உருவாவது குறையும். வரலாற்றை நினைவில் வைத்தல் என்பது இங்கே வெப்பநிலையையும் ஈரத்தையும் அல்லும் பகலும் அளந்துகொண்டிருக்கும் பணியாகிறது.

வேகம், நிறம், குரல்

காக்கப்பட்ட படத்தை இளையோர் உள்ளம் ஏற்குமா என்பது அடுத்த வினா. பழைய போர்ப்படங்களில் மனிதர்கள் பொம்மைகள்போல் துள்ளித் துள்ளி நடப்பதைக் கண்டு சிறுவர்கள் சிரிப்பதுண்டு. அது படைஞரின் நடையில் இருந்த குறையன்று. கணக்கில் நேர்ந்த பிழை. கையால் சுழற்றிய கருவி நொடிக்கு 13 முதல் 16 சட்டகங்கள் எடுத்தது. பேசும்படக் காலத்துக் கருவி நொடிக்கு 24 சட்டகங்களை ஓட்டுகிறது. 13 சட்டகங்களில் பதிந்த ஒரு நொடிச் செயல் இக்கருவியில் அரை நொடியைச் சற்றே தாண்டி முடிந்துவிடும். நடப்பவன் ஓடுவான், அழுபவன் துடிப்பான், துயரம் நகைப்பாகிவிடும்.

நியூசிலாந்து இயக்குநர் பீட்டர் ஜாக்சன் 'தே ஷால் நாட் க்ரோ ஓல்டு' என்னும் ஆவணப்படத்தில் இப்பிழையைத் திருத்தினார். போர் முடிந்த நூற்றாண்டு நினைவுக்காக அருங்காட்சியகமும் பிபிசியும் துணைநிற்க எடுக்கப்பட்ட இப்படம், 2018 அக்டோபரில் இலண்டன் திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்டது. அவர் முன் இருந்தவை 100 மணி நேரப் பழம்படமும், முதியவயதில் படைஞர்கள் அளித்த 600 மணி நேர நேர்காணல்களும். நொடிக்குக் குறைவாக இருந்த சட்டகங்களைக் கணினி முன்பின் சட்டகங்களை ஒப்புநோக்கி இடையிடையே வரைந்து நிரப்பியது. சீருடைகளையும் மண்ணையும் பார்த்து நிறமூட்டினர். ஊமைப்படத்தில் வாயசைத்தோர் சொன்னதை உதட்டசைவு படிக்கும் வல்லுநர்கள் கண்டறிந்தனர். அந்தந்தப் படைப்பிரிவு எந்த வட்டாரத்திலிருந்து திரட்டப்பட்டதோ, அந்த வட்டாரப் பேச்சுடைய நடிகர்கள் குரல் கொடுத்தனர்.

படம் தொடங்கிக் கால்மணி நேரத்துக்கு மேல் கருப்புவெள்ளையில், சிறிய சட்டத்துக்குள் ஓடுகிறது. படைஞர்கள் போர்முனையை அடையும் கணத்தில் திரை விரிகிறது, நிறம் படர்கிறது, நடை இயல்பாகிறது. அதுவரை 'அக்காலத்து மனிதர்' என்று தொலைவில் நின்றவர்கள், பல்வரிசை கோணிய, கன்னத்தில் மண் ஒட்டிய, பத்தொன்பது வயது இளைஞர்களாக நம்முன் நிற்கிறார்கள். பள்ளி மாணவர்க்கு வரலாற்றுப் பாடத்தில் காணும் எண்கள் அக்கணத்தில் முகங்களாகின்றன. நாட்டின் ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளிக்கும் இப்படத்தின் படி ஒன்று அனுப்பப்பட்டது. 2018 நவம்பர் 11ஆம் நாள், போர் ஓய்ந்து சரியாக நூறாண்டு நிறைந்த இரவில், பிபிசி இதை ஒளிபரப்பியது.

மூளைக்குள் நிகழ்வது

படம் பார்க்கும்போது மூளையில் நடப்பதை அளக்கும் கருவிகள் இன்று நம்மிடம் உண்டு. 2004இல் இசுரேலின் வைசுமன் ஆய்வு நிறுவனத்தில் ஊரி ஹாசனும் அவர்தம் குழுவினரும் ஐவரைக் காந்த ஒத்திசைவுக் கருவிக்குள் படுக்கவைத்து, அமெரிக்க உள்நாட்டுப் போரின் பின்னணியில் அமைந்த 'தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி' படத்தை அரைமணி நேரம் காட்டினர். ஐவர் மூளைப்புறணியிலும் ஏறத்தாழ 30 விழுக்காட்டுப் பரப்பு ஒரே தாளத்தில் ஏறி இறங்கியது. ஒருவரையொருவர் அறியாதார், தனித்தனியே பார்த்தோர், ஒரே கணத்தில் ஒரே முகத்தை நோக்கி ஒரே அதிர்வை அடைந்தனர். ஓர் அரங்கில் அமர்ந்த வகுப்பு மாணவர் முப்பதின்மருக்கும் ஒரு பொது நினைவு உண்டாவதன் தொடக்கம் இதுவே.

பதிந்தது நிலைப்பது எவ்வாறு? மூளையின் நெற்றிப்பொட்டு மடலுக்குள் வாதுமைப் பருப்பின் வடிவில் அமிக்டலா என்னும் நரம்புத் திரள் உள்ளது. அச்சமும் இரக்கமும் எழும்போது அது கிளர்கிறது. அதனருகே ஹிப்போகேம்பசு என்னும் பகுதி புதிய நினைவுகளைக் கோத்து அடுக்குகிறது. 1996இல் லாரி கேகில், ஜேம்சு மெக்கா முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள், உணர்ச்சி மிக்க படத்துண்டுகளையும் உணர்ச்சியற்ற படத்துண்டுகளையும் சிலருக்குக் காட்டி, அப்போது அவர்தம் மூளை சர்க்கரையைச் செலவிடும் அளவைக் கணித்தனர். மூன்று வாரம் கழித்து நினைவைச் சோதித்தபோது, படம் பார்க்கையில் எவருக்கு வலப்புற அமிக்டலா மிகுதியாக உழைத்ததோ, அவரே உணர்ச்சி மிக்க துண்டுகளை மிகுதியாக நினைவுகூர்ந்தார். உணர்ச்சியற்ற துண்டுகளில் அத்தொடர்பு தோன்றவில்லை. நெஞ்சை உலுக்குவது நினைவில் நிற்கும் என்று நம் பாட்டிமார் அறிந்ததை அளவுகோல் உறுதிசெய்தது.

சொல்லும் உருவமும் மூளையில் இருவேறு வழிகளில் பதிகின்றன என்று கனடிய உளவியலறிஞர் ஆலன் பைவியோ 1971இல் எடுத்துரைத்தார். இரு வழியிலும் பதிந்த செய்தியை மீட்க இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று அடைபட்டாலும் மற்றொன்று திறக்கும். நூல் ஒரு கதவைத் தருகிறது. திரைப்படம் உருவத்தையும் சொல்லையும் இசையையும் ஒருங்கே தந்து பல கதவுகளைத் திறக்கிறது. 'பதுங்குகுழியில் நீர் தேங்கியிருந்தது' என்ற வரியைப் படித்த மாணவன் தேர்வோடு அதை மறக்கலாம். முழங்கால் நீரில் நின்று தேநீர் அருந்தும் படைஞனைக் கண்டவன் மறப்பதில்லை.

அதே வலிமையின் ஆபத்து

இவ்வலிமை மெய்க்கும் பொய்க்கும் ஒன்றுபோலவே பயன்படும் என்பதுதான் நாம் நின்று எண்ண வேண்டிய இடம். அமெரிக்காவின் செயின்ட் லூயிசு நகரிலுள்ள வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆன்ட்ரூ பட்லரும் குழுவினரும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாணவர்க்கு வரலாற்றுக் கட்டுரைகளையும் அதே பொருள் பற்றிய வணிகத் திரைப்படத் துண்டுகளையும் கொடுத்தனர். படமும் கட்டுரையும் ஒத்த இடங்களில், கட்டுரையை மட்டும் படித்தோரைவிடப் படமும் பார்த்தோர் ஏறத்தாழ 50 விழுக்காடு மிகுதியாக நினைவுகூர்ந்தனர். ஆசிரியர்கள் மகிழத்தக்க முடிவு இது. ஆயின் படம் வரலாற்றைத் திரித்த இடங்களில், ஏறத்தாழப் பாதி முறை மாணவர்கள் படத்தின் பொய்யையே விடையாக எழுதினர். சரியான செய்தி அவர்கள் படித்த கட்டுரையில் இருந்தது. இருந்தும் பொய்யைக் கட்டுரையில் படித்ததாகவே நம்பினர். எடுத்துக்காட்டாக, பேரரசர் மெய்சி காலத்துச் சப்பானியப் படைக்குப் பயிற்சியளித்தோர் பிரெஞ்சுக்காரர். 'தி லாஸ்ட் சாமுராய்' படமோ அமெரிக்கர் ஒருவரைக் காட்டுகிறது. பார்த்தவர் உள்ளத்தில் அமெரிக்கரே நிலைத்துவிடுகிறார்.

அதே ஆய்வில், 'படங்களில் பிழை இருக்கும், கவனம்' என்று பொதுவாக எச்சரித்ததால் பயன் விளையவில்லை. 'இக்காட்சியில் இன்ன செய்தி பிழை. உண்மை இது' என்று குறித்துச் சொன்னபோது பிழை பெரிதும் குறைந்தது. இந்த வேறுபாட்டை ஆசிரியரும் பெற்றோரும் பொன்போல் போற்ற வேண்டும்.

சோம் சமரிலும் இதற்குச் சான்று உண்டு. படைஞர்கள் குழியிலிருந்து மேலேறிப் பாய்கிறார்கள். ஒருவன் ஏறும்போதே சரிந்து, குழியின் சரிவில் வழுக்கி அசைவற்றுக் கிடக்கிறான். உலகெங்கும் முதலாம் உலகப்போரைச் சொல்லும் படங்களில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படும் காட்சி இதுவே. அது நடிக்கப்பட்ட காட்சி என்பதை ஆய்வாளர் நிறுவியுள்ளனர். ஒளிப்பதிவாளர் நின்ற இடம், உண்மைக் களத்தில் ஒரு நொடியும் உயிரோடு நிற்க இயலாத இடம். பாய்வோர் முதுகில் போர்க்களச் சுமையும் இல்லை. போர்முனைக்குப் பின்னிருந்த பயிற்சிக்களத்தில் அதை எடுத்திருக்கிறார்கள். அருங்காட்சியகம் அக்காட்சியை நீக்கவில்லை; அது எத்தகையது என்பதை ஆய்ந்து சொல்லி வைத்திருக்கிறது. அதுவே அறிவு நேர்மை.

ஒரு சீழ்க்கையும் ஒரு வினாவும்

என் பேரன் பதினான்கு அகவையன், இலண்டனிலேயே பிறந்தவன். சென்ற விடுமுறையில் டேவிட் லீன் இயக்கிய 'குவாய் ஆற்றுப் பாலம்' படத்தை இருவருமாகப் பார்த்தோம். 1957இல் வெளிவந்து ஏழு ஆஸ்கர் விருதுகள் பெற்ற படம். போர்க்கைதிகள் கிழிந்த காலணிகளோடு சீழ்க்கையடித்தபடி முகாமுக்குள் அணிவகுத்து நுழையும் காட்சி அவனைப் பற்றிக்கொண்டது. மூன்று நாள் ஆகியும் வீட்டில் அச்சீழ்க்கை ஓயவில்லை. "அந்தப் பாலத்தைக் கட்டினது ஆர் ராசா?" என்று கேட்டேன். "வெள்ளைக்காரக் கைதிகள்தானே கட்டினவை, அப்பப்பா?" என்றான்.

அவன்மீது பிழையில்லை. படம் அதைத்தான் காட்டுகிறது. வரலாறு காட்டுவது வேறு. சயாமையும் பர்மாவையும் இணைக்கச் சப்பானியர் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த இருப்புப்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். அதில் உழைத்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோர். இறந்தோர் 12,000க்கும் மேற்பட்டோர். அவர்களோடு உழைத்த ஆசியத் தொழிலாளர் இரண்டு இலட்சத்தைக் கடப்பர். அவர்களுள் ஏறத்தாழ 90,000 பேர் மாண்டனர் என்பது பலரும் ஏற்கும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து சென்றோர் மட்டும் 70,000க்கும் மேல். அவர்களுட் பெரும்பாலோர் இரப்பர்த் தோட்டத் தமிழர். கழிச்சலும் காய்ச்சலும் பசியும் அவர்களைத் தின்றன. பெரும்பாலான முகாம்களில் மருத்துவரோ, இறந்தோர் பெயரை எழுதி வைக்க அலுவலரோ அவர்களுக்கு இல்லை. காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கற்கள் பெயர் தாங்கி வரிசையாக நிற்கின்றன. அவை நேச நாட்டுக் கைதிகளுக்குரியவை. தமிழருட் பெரும்பாலோர்க்கு அங்கே கல் இல்லை. மலேசியத் தமிழர் 'சயாம் மரண ரயில்' என்று அப்பாதையைக் குறிக்கிறார்கள்; அப்பெயரிலேயே ஆர். சண்முகம் ஒரு புதினம் எழுதினார். இலண்டன் வகுப்பறைகளுக்கு அது எட்டவில்லை.

படம் வேறு பலவற்றையும் மாற்றியது. படத்தில் பிரித்தானியத் தளபதி பாலத்தைத் தம் பெருமையாகக் கருதிக் கட்டுகிறார். அவ்விடத்தில் உண்மையில் கைதிகளுக்குத் தலைமை தாங்கிய பிலிப் டூசி அத்தகையவர் அல்லர். வேலையைக் கெடுக்க மறைமுகமாக ஊக்கியவர். படத்தில் முதல் தொடர்வண்டி வரும்போதே பாலம் தகர்கிறது. மெய்யான பாலங்கள் 1945இல் வான்குண்டுகளால் சிதையும்வரை நின்றன. பாலம் குவாய் ஆற்றின்மேல் இருக்கவுமில்லை. மே குளோங் ஆற்றின்மேல் இருந்தது. படம் பார்த்து வந்த சுற்றுலாப் பயணியர் குவாய் ஆற்றைத் தேடியமையால், 1960இல் தாய்லாந்து அப்பகுதி ஆற்றின் பெயரையே குவாய் யாய் என்று மாற்றியது. ஒரு திரைப்படத்தின் நினைவு நிலவரைபடத்தைத் திருத்தியது.

படம் பிடிக்கப்பட்ட இடம் இலங்கையின் கித்துல்கலை. களனி ஆற்றின்மேல் பாலத்தை எழுப்பியவை இலங்கைத் தொழிலாளர் கைகளும் யானைகளும். அவ்வூரை அடுத்த மலைச்சரிவுகளில், மலாயாவுக்குச் சென்ற அதே தமிழ்க் குடிகளின் உறவினர் தேயிலை கிள்ளிக்கொண்டிருந்தனர். அவர்தம் இனத்தார் மாண்ட கதையைச் சொல்லும் படம் அவர்கள் கண்ணெதிரே எடுக்கப்பட்டது. அவர்கள் அதில் இல்லை. பேரனிடம் இவற்றைச் சொல்லி, அருங்காட்சியகத்தில் உள்ள ரொனால்டு சியர்லின் ஓவியங்களைப் பார்க்கலாம் என்றேன். சியர்ல் அப்பாதையில் உழைத்த கைதி; கிடைத்த தாள்களில் மறைவாக வரைந்தவர். அன்று மாலை அவன் கேட்ட கேள்வி: "எங்கட ஆக்கள் வரைஞ்ச படம் ஒண்டும் இல்லையோ?"

கைப்பேசியில் பதிந்த சான்று

அவ்வினாவுக்கு இன்றைய காலம் வேறு விடை தருகிறது. 2009இல் ஈழத்தில் போர் முடிந்தபோது எளியோர் கைகளிலும் படக்கருவி இருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், இலண்டனின் சேனல் 4 தொலைக்காட்சி, கட்டுண்ட ஆடவரைச் சுட்டுக்கொல்லும் கைப்பேசிப் படத்துண்டு ஒன்றை ஒளிபரப்பியது. இலங்கை அரசு அது பொய்ப்படம் என்றது. ஐக்கிய நாடுகள் அவையின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் மூன்று துறை வல்லுநரிடம் அதைச் சோதனைக்கு அளித்தார். பிணக்கூறாய்வு மருத்துவர், விழும் உடலின் அசைவும் குருதியும் இயல்பானவையா என்று பார்த்தார். சுடுகல வல்லுநர், துப்பாக்கியின் பின்னுதைப்பும் வெளிவரும் வளியும் உண்மைத் தோட்டாவுக்கு உரியவையா என்று பார்த்தார். படப்பதிவு வல்லுநர், தொடர்ச்சி முறிந்துள்ளதா, வேறு படம் மேலே ஒட்டப்பட்டுள்ளதா என்று சட்டகம் சட்டகமாகத் துருவினார். படம் உண்மையானது என்பதையே இம்முடிவுகள் வலுவாகச் சுட்டுகின்றன என்று 2010 சனவரியில் ஆல்ஸ்டன் அறிவித்தார். அப்போர் பற்றிய தன் ஆவணப்படத்தைச் சேனல் 4, 2011 ஜூன் 14இல் ஒளிபரப்பியது. அதே போரைச் சொல்லும் கேலம் மெக்ரேயின் 'நோ ஃபயர் சோன்' ஆவணப்படம் 2013இல் வந்தது.

அப்போரை வன்னியில் கண்டோரின் பிள்ளைகள் இன்று இலண்டனின் ஹாரோவிலும் ஈசுட்டு ஹாமிலும் பள்ளிக்குச் செல்கிறார்கள். பெற்றோர் சிலர் வாய் திறப்பதில்லை. திறக்க முடியாத வலி அது. போர் முடிந்த மே மாதத்தில் ஏன் வீட்டில் விளக்கு ஏற்றுகிறோம் என்று கேட்கும் பிள்ளைக்கு, சான்றாகச் சோதிக்கப்பட்ட ஒரு படமே பல வேளைகளில் முதல் விடையாகிறது. சிறுவர் பார்க்கத் தகாத காட்சிகள் அவற்றில் மிகுதி. எந்த அகவையில், எவ்வளவு, யார் அருகில் இருக்கக் காட்டுவது என்பதைப் பெற்றோர் எண்ணித் தெளிய வேண்டும். அச்சத்தை மட்டும் விட்டுச்செல்லும் படம் நினைவாகாது, காயமாகும்.

கல்லில் எழுத்து

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றுள் ஒன்றில், ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த அந்தவன் என்பானின் பெயரும் ஊரும் தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அவன் முகம் நமக்குத் தெரியாது. எழுத்து இருப்பதால் அவன் யார், எதற்காக இறந்தான் என்பதை அறிகிறோம். எழுத்தற்ற கல்லாயிருந்தால் வழிப்போக்கர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதையை அதன்மேல் ஏற்றியிருப்பர்.

போர்ப்படம் இளையோர் உள்ளத்தில் நடப்படும் கல். அதை நடும் ஆற்றல் வேறு எக்கலைக்கும் அத்துணை இல்லை. அமிக்டலாவும் புறணியும் அதற்குச் சான்று. ஆயின் எழுத்தைப் படம் தானே பொறித்துக்கொள்ளாது. இன்ன காட்சி நடிக்கப்பட்டது, இன்னார் இதில் விடுபட்டனர், இத்தனை பேர் பெயரின்றி மாண்டனர் என்று அருகிலிருந்து குறித்துச் சொல்லும் குரலே அவ்வெழுத்து. பட்லரின் ஆய்வு எண்களால் மெய்ப்பித்ததும் இதையே.

ஆகவே இலண்டனிலும் பிறநாடுகளிலும் வாழும் தமிழ்ப் பெற்றோரிடமும் தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடமும் நான் வேண்டுவது இது. பிள்ளைகளுக்குப் போர்ப்படம் காட்டுங்கள். தனியே விட்டுக் காட்டாதீர்கள். தொடங்குமுன் அதன் பிழைகளைப் பெயர் சொல்லிக் குறியுங்கள்; முடிந்தபின் அதில் இல்லாத மாந்தரைப் பற்றிச் சொல்லுங்கள். வீட்டில் போரைக் கண்ட மூத்தோர் இருந்தால், அவர் விரும்பும் நாளில், விரும்பும் அளவில், அவர் குரலைப் பதிந்து வையுங்கள். பதிந்ததை ஒரே கைப்பேசியில் விட்டுவைக்காமல் மூன்று இடங்களில் படியெடுத்து, நாளும் இடமும் பெயரும் எழுதி வையுங்கள். 1931இல் காப்பாளர்கள் எடுத்த படியால்தான் சோம் ஆற்றங்கரையில் தோழனைச் சுமந்தவனின் கண்களை நாம் காண்கிறோம். சயாம் பாதையில் தோழனைச் சுமந்த தமிழனின் கண்களை எவரும் படமெடுக்கவில்லை. அவனைக் கண்டோரும் இன்று அரிதாகிவிட்டனர்.